உபரி வெளிச்சம்

சேசு மரி சூசை துணை

ஆட்லி தோட்டம், மேல்கணக்கு,
பொகவந்தலாவை.
14.03.1982

அன்புள்ள தம்பி கஸ்பருக்கு,

அக்கா பெற்றீசியா எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் மகள் ஜோசப்பினும் ஆண்டவர் புண்ணியத்தில் ஆளுக்கொரு இருமலோடு சுகமாக இருக்கிறோம். கொழும்பு வெயிலில் நீ கறுத்துப் போயிருப்பாய். ஏற்கெனவே பெரிய வெள்ளைக்காரன்தான்.

விஷயம் என்னவென்றால், நேற்றுக் காலை எல்லோரும் வேலைக்கு வரிசையில் நின்ற பெரட்டில் பெரியதுரை ஒரு செய்தி சொன்னார். ஆற்றோரம் துருப்பிடித்துக் கிடக்கிற பழைய ரோதைச் சக்கரத்தைத் திருத்தி ஓடவிட்டு, அந்தக் கரண்டை லயத்து வரிசை வீடுகளுக்குக் கொடுக்க அரசாங்கம் பணம் தருகிறதாம். பெரிய கரண்டு இழுக்க முடியாத தூரத்துத் தோட்டங்களுக்கென்று ஒரு திட்டமாம். நீ வேலை பார்க்கிற கந்தோரும் கரண்டு மந்திரியின் கந்தோர்தானே. உண்மையா என்று விசாரித்து எழுது.

இதை நான் சும்மா கேட்கவில்லை. உன் மச்சானுக்கு இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது. குடியுரிமைக்கு எழுதின காலத்தில் அப்பா உனக்கும் அம்மாவுக்கும் இலங்கைக்கு எழுதிப் போட்டார். நான் அதற்குள் கல்யாணமாகி வந்துவிட்டதால் என் மாமனார் இந்தியாவுக்கு எழுதிய எழுத்தில் நானும் சேர்ந்து போய்விட்டேன். அந்த மனிதர் கைநாட்டு வைத்துவிட்டு நிம்மதியாகக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தார். முழிக்கிறது நாங்கள். எனக்குப் போக மனமில்லை, தம்பி. அங்கே யாரைத் தெரியும்? ஜோசப்பினுக்கு டிசம்பரில் பள்ளிக்கூடச் சோதனை. உன் மச்சானோ போவோம் போவோம் என்றுதான் இருந்தார்.

பெரட்டுக்குப் பிறகு ஆள் மாறிவிட்டார். அவருடைய அப்பாதானே அந்தக் காலத்தில் ரோதை ஓட்டியவர். இராத்திரி சோறு தின்னும்போது சொன்னார்: "எங்கப்பா நாப்பது வருசம் தண்ணி தொறந்து விட்டாரு. தொரை பங்களாவுக்கு எரிஞ்சிச்சு, தேயில இஸ்டோருக்கு எரிஞ்சிச்சு, நாய்க்கூண்டுக்குக்கூட ஒரு பல்பு எரிஞ்சிச்சு. லயத்துக்கு எரியல. நம்ம காம்பராவுல ஒரு பல்பு எரியட்டும் பெற்றீசியா, அன்னைக்கே பாஸ்போட்டத் திருப்பிக் குடுத்துட்டு இங்கனயே இருந்துருவோம்."

என் வாழ்வு இப்போது ஒரு பல்பில் தொங்குகிறது. சிரிக்காதே. சீக்கிரம் பதில் எழுது.

பாசமுள்ள அக்கா,
பெற்றீசியா


கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
02.04.1982

என் பிரியமான அக்காவுக்கு,

கஸ்பர் நலம். உங்கள் மூவரின் இருமலும் இதற்குள் மலையிறங்கிப் போயிருக்கும் என்று நம்புகிறேன். போர்டிங் சாப்பாடு வழக்கம் போலத்தான். குழம்பில் மீனைத் தேடிக் கண்டுபிடிப்பவனுக்கே மீன்.

செய்தி உண்மைதான். நான் டைப் அடிக்கிற மேசைக்குத்தான் அந்தக் கோப்பு வந்தது. ஆட்லி தோட்டம் என்று பார்த்ததும் பக்கத்து மேசைக்காரரிடம் "இது என்ட ஊர்" என்று காட்டினேன். நிதி ஒப்புதலாகிவிட்டது. வெளிநாட்டு உதவியும் கொஞ்சம் உண்டு. மழைக்காலம் முடிவதற்குள் லயங்களில் வெளிச்சம் வரும்.

மச்சானிடம் சொல்லுங்கள், அவசரப்பட்டுப் பாஸ்போட்டைத் தூக்கிக்கொண்டு பயணம் பதிய ஹட்டனுக்கு ஓட வேண்டாம். கொஞ்சம் பொறுக்கட்டும். ஜோசப்பினின் கணக்குப் பாடத்துக்குப் பழைய வினாத்தாள்கள் தேடிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய எழுத்து அக்காவுடையதைப் போல் கோழி கிளறியதாக இருக்கக்கூடாது என்று சொல்லவும்.

உங்கள் ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளும்,
தம்பி கஸ்பர்


ஆட்லி தோட்டம்.
25.04.1982

அன்புத் தம்பிக்கு,

பாஸ்குத் திருநாள் பூசைக்கு நீ வருவாய் என்று சேவல் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தேன். நீ வரவில்லை. சேவலுக்கு ஆயுசு கெட்டி. நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை உன் மச்சான் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஹட்டனுக்கு வரச்சொல்லிப் பாஸ்போட் கந்தோரில் இருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதை அப்படியே அரிசி வாளிக்கு அடியில் வைத்துவிட்டார். "மச்சினன் பொறுக்கச் சொல்லிருக்கான், அவன் கந்தோர்ல இருக்கவன்" என்கிறார். உன் சொல்லுக்கு இந்த வீட்டில் இருக்கிற மதிப்பு என் சொல்லுக்கு இல்லை.

இன்னொன்று. ரோதையை ஓட்டுவதற்கு ஆள் கேட்டார்கள். அப்பன் தொழில் என்று இவரையே போட்டுவிட்டார்கள். தினமும் ரோதைக் காம்பராவுக்குப் போய் ஆணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். கல்யாணமான புதிதில் என்னைக்கூட இப்படிப் பார்க்கவில்லை.

ஆனால் தம்பி, கடைத்தெருவில் வேறு கதை அடிபடுகிறது. கீழே பணியலயத்து அழகன் சொன்னான்: "இந்தியாவுக்குப் பேர் உள்ளவுங்களுக்கு லைட்டு இல்லையாம்க்கா, போற ஆளுக்கு எதுக்கு வயர்னு பேசிக்கிறாங்க." அழகன் வாயில் வருவதில் பாதி காற்று என்பது உனக்கும் தெரியும். இருந்தாலும் வந்து காம்பராக்களை எண்ணிப் பார்த்தேன். நம் லயத்தில் மட்டும் எங்களோடு சேர்த்து மூன்று காம்பரா இந்தியாக்காரர்.

உன்னைத்தான் கேட்கிறேன். எல்லாக் காம்பராவுக்கும்தானே? ஒரு வரி எழுது, போதும்.

அக்கா
பெற்றீசியா


கொழும்பு 13.
20.06.1982

அன்பு அக்காவுக்கு,

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். போர்டிங்கில் எல்லோருக்கும் அம்மாள் போட்டு, எனக்கும் வந்து, வேப்பிலையோடு கிடந்து எழுந்தேன். இப்போது சுகம். முகத்தில் இரண்டு மூன்று தழும்பு. பெண் பார்க்கிற காலத்தில் இது வந்திருக்க வேண்டாம்.

இத்துடன் வினாத்தாள்களும் ஜோசப்பினுக்கு ஒரு குடையும் அனுப்புகிறேன். அது மடக்குக் குடை, கவனமாக விரிக்கச் சொல்லுங்கள். கணக்கில் முக்கோணமும் வட்டமும் வருகிற கேத்திர கணிதத்தை விட்டுவிட வேண்டாம். சோதனையில் அதுதான் கட்டாயம் வருகிறது. மச்சானின் முழங்கால் வலிக்கு ஆயுள்வேத எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்துவிடுவேன். அங்கே மழை எப்படி?

திட்ட வேலைகள் நல்லபடியாக நடக்கின்றன.

தம்பி கஸ்பர்


ஆட்லி தோட்டம்.
11.07.1982

தம்பி கஸ்பருக்கு,

உனக்கு அம்மாள் போட்டதைக் கேட்டு மனம் பதறிப்போனது. தழும்புக்குத் தேங்காய்ப்பால் பூசு. எங்களுக்கு மழை, அதோடு சுகம்.

குடை வந்தது. வினாத்தாள் வந்தது. கேத்திர கணிதம் வந்தது. எண்ணெய் வரப்போகிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் எழுதியிருப்பாயோ என்று.

இங்கே கம்பங்கள் நட்டாகிவிட்டன. ரோதைக்குப் புதிதாக ஒரு பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை தண்ணீரைத் திறந்து ஓட்டிப் பார்த்தார்கள். அதற்கு முதல் ஒரு கூத்து. நாங்கள் வேதக்காரர்கள்தான். ஆனாலும் ரோதைக்குப் பக்கத்தில் கல்லாய் நிற்கிற ரோதமுனிக்குச் சேவல் அறுக்காமல் தண்ணீரைத் திறக்கமாட்டேன் என்று உன் மச்சான் நின்றுவிட்டார். இஞ்சினியர் ஐயா சிரித்தார். "சிரிக்காதீங்க சேர், எங்கப்பாவும் கழுத்துல செவமால போட்டுக்கிட்டுத்தான் சேவல் அறுத்தாரு. நாப்பது வருசத்துல ஒருத்தன் வெரல் போகல" என்றார் இவர். பாஸ்குக்கு உனக்காக ஒதுக்கின சேவல்தான் முனிக்குப் போனது. சுவாமியார் காதில் போட்டுவிடாதே.

ரோதை சுற்றினபோது இந்த மனிதர் அழுதார், தம்பி. நான் பார்த்தேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். நீ அந்தக் கோயிலில் பூசாரியாகத்தானே இருக்கிறாய். எனக்கு ஒரு வரி எழுது.

பெற்றீசியா


ஆட்லி தோட்டம்.
19.09.1982

தம்பிக்கு,

சுகமா? நாங்கள் இருக்கிறோம்.

லைட் வந்துவிட்டது. போன சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மந்திரியின் ஆள் வந்து குத்துவிளக்கு ஏற்றினார். மேளம் அடித்தார்கள். உன் மச்சான் ரோதைக் காம்பராவில் தண்ணீரைத் திறந்தார். லயம் முழுக்கப் பளிச்சென்று எரிந்தது. காளியாயிக் கிழவி பல்பைப் பார்த்துக் கும்பிட்டாள். காம்பராக்களில் சுவிட்ச் கிடையாது. ரோதை ஓடினால் எல்லாம் எரியும், நின்றால் எல்லாம் அணையும்.

எங்கள் காம்பராவில் எரியவில்லை. வயர் இழுக்கும்போதே எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். ஏன் என்று ஓவர்சியரைக் கேட்டேன். "மே காமரேட்ட லயிட் நே" என்று சிங்களத்தில் சொல்லித் தலையை ஆட்டினார். இந்தக் காம்பராவுக்கு லைட் இல்லையாம். தோட்டக் கந்தோர்ப் பெரிய கிளாக்கர்தான் விளக்கிச் சொன்னார்: அரசாங்கக் காசு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும், இந்தியாவுக்குப் பெயர் உள்ள காம்பராவுக்குச் செலவழித்தால் கணக்கில் ஏறாது. அழகன் வாயில் வந்ததில் பாதி காற்று, பாதி உண்மை.

அன்று ரோதையைப் பூட்டிவிட்டு உன் மச்சான் வந்தார். ஊருக்கெல்லாம் விளக்கேற்றிவிட்டு வந்த மனிதருக்கு நான் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பைப் பற்றவைத்துச் சோறு போட்டேன். "நல்லா எரிஞ்சிச்சா?" என்று மட்டும் கேட்டார். நல்லா எரிஞ்சிச்சு என்றேன்.

வயிறு எரிகிற கதை இன்னொன்று இருக்கிறது. அந்தப் புதுப் பெட்டி இருக்கிறதே, ரோதை எப்போதும் ஒரே அளவு கரண்டைத்தான் தருமாம். பல்புகளுக்குப் போக மிஞ்சுகிற கரண்டை எங்கேயாவது தள்ளிவிடவேண்டுமாம், இல்லாவிட்டால் ரோதை தறிகெட்டுச் சுற்றுமாம். அதற்காக அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தொட்டித் தண்ணீரில் கம்பிச் சுருளை இறக்கி வைத்திருக்கிறார்கள். மிச்சக் கரண்டு அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. கொதித்தது வழிந்து ஆற்றில் ஓடுகிறது. பிள்ளை பெற்ற அழகம்மாவுக்கு உடம்புக்கு ஊற்ற வேதுத் தண்ணீர் அங்கிருந்துதான் வாளியில் தூக்கி வருகிறோம்.

எங்களுக்கு வரவேண்டிய வெளிச்சம் வெந்நீராக ஆற்றில் போகிறது, தம்பி. கொடுத்தால் யாருக்கும் ஒரு சதம் குறையாது. அதைத்தான் கொடுக்கவில்லை.

உனக்கு முதலிலேயே தெரியுமா?

பெற்றீசியா


ஆட்லி தோட்டம்.
24.10.1982

தம்பிக்கு,

பதில் இல்லை. சுகமாக இருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். மறுபடி அம்மாள் போட்டிருந்தால் யாரையாவது கொண்டு எழுதச் சொல்.

ஒரு நல்ல காரியத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமியை உனக்குத் தெரியும், சின்னராசாவின் பெண்சாதி. எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. நம் லயங்களே அப்படித்தானே. அங்கே கருவாடு பொரித்தால் இங்கே தும்மல், இங்கே சண்டை பிடித்தால் அங்கே தீர்ப்பு. போன வாரம் நாகலெட்சுமி ஸ்டூல் போட்டு ஏறி, தன் பல்பை நடுவில் இருந்து அவிழ்த்து வயரோடு இழுத்து, அந்தச் சுவர் உச்சியில் தொங்கவிட்டாள். பாதி வெளிச்சம் அவளுக்கு, பாதி எங்களுக்கு.

"எங்களுக்கு இவ்ளோ வெளிச்சம் எதுக்குக்கா, கண்ணு கூசுது" என்றாள். பொய். அவள் இப்போது பொழுது சாய்வதற்குள் அரிசியில் கல் பொறுக்க வாசலுக்குப் போகிறாள்.

ஜோசப்பின் சுவரோரமாய் உட்கார்ந்து உன் கேத்திர கணிதம் போடுகிறாள். தினமும் ஆறு மணிக்கு விளக்கு வந்ததும் நாகலெட்சுமி சுவரைத் தட்டி, "அக்கா, வந்திருச்சு" என்று ஒரு குரல் கொடுப்பாள். எங்கள் கண்ணுக்குத் தெரியாதது போல. நானும் "ஆமா, வந்திருச்சு" என்பேன்.

உன் மச்சான் முதல் நாள் அந்தப் பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இது நம்ம காம்பராவுல எரியுற கணக்கா இல்லையா?" என்று கேட்டார். எரியுற கணக்குத்தான் என்று சொன்னேன். கொஞ்சம் சிரித்தார். பாஸ்போட் இன்னும் அரிசி வாளிக்கு அடியில்தான் இருக்கிறது. நான் மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன்.

அக்கா


கொழும்பு 13.
09.11.1982

அக்கா,

சுகமாக இருக்கிறேன். கேட்டீர்கள். தெரியும். உங்கள் முதல் கடிதம் வந்த போதே தெரியும். நிபந்தனை அந்தக் கோப்பிலேயே இருந்தது. கம்பி இழுக்கும் காலம் வருவதற்குள் யாராவது அதை மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். மேலே கேட்கப் பயம். நானும் தோட்டத்தில் இருந்து வந்தவன், ஒன்று கேட்டால் "நீயும் இந்தியாவா?" என்பார்கள். பொறுக்கச் சொல்லி எழுதியது நீங்கள் போய்விடக் கூடாது என்று. வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அவசரம். இந்த மாதம் திட்டத்தைப் பார்வையிட ஆய்வாளர் வருகிறார். மிகக் கறாரான ஆள். சுவரில் தொங்கும் பல்பைக் கண்டால் கரண்டுத் திருட்டு என்று எழுதிவிடுவார். உடனே அதைக் கழற்றி நடுவில் மாட்டச் சொல்லுங்கள். கொஞ்ச நாளைக்கு மட்டும்.

நீங்கள் எழுதின வெந்நீர் விஷயத்தை இங்கே யாரும் அறியவில்லை. அதை வைத்து ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். இந்த முறை மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன். சத்தியம்.

கஸ்பர்


ஆட்லி தோட்டம்.
05.12.1982

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே பனி கடுமை.

உன் கடிதம் வந்தது திங்கட்கிழமை. ஆய்வாளர் வந்தது அதற்கு முந்திய வெள்ளி.

நம் லயத்தில் நுழைந்து அண்ணாந்து பார்த்தார். "இது யார் வீட்டு விளக்கு?" என்று கேட்டார். நாகலெட்சுமி, "எங்க வீட்டுது சேர், சொவரு கட்டையா இருக்கது எங்க குத்தமா?" என்றாள். அவருக்குப் பதில் பிடிக்கவில்லை. நாகலெட்சுமியின் வயரை வெட்டச் சொல்லிவிட்டுப் போனார். வெட்டினார்கள். திருட்டுக்கு உடந்தை என்று உன் மச்சானுக்கும் எச்சரிக்கை. தன் கையாலேயே அந்தப் பல்பை இறக்கிக் கொடுத்தார் மனிதர்.

எங்களால் அவர்களும் இருட்டில் கிடந்தார்கள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆறு மணிக்குச் நாகலெட்சுமி சுவரைத் தட்டுவது நின்றுபோனது. எனக்கு அவள் முகத்தில் முழிக்க முடியவில்லை. தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்கு அவள் போய்வந்த பிறகு போனேன்.

போன புதன்கிழமை உன் மச்சான் சட்டை மாற்றிக்கொண்டு பெரிய கிளாக்கரிடம் போனார். என்னவோ பேசினார். அடுத்த நாள் நாகலெட்சுமிக்கு லைட் திரும்பி வந்துவிட்டது. பல்பு இப்போது அவளுடைய காம்பரா நடுவில் எரிகிறது. எங்கள் பக்கம் மேலே கூரை மட்டும் லேசாகத் தெரியும்.

ஜோசப்பின் குப்பி லாம்பில் படிக்கிறாள். மூக்கெல்லாம் புகை. நன்றாக எழுதுவாள்.

பெற்றீசியா


ஆட்லி தோட்டம்.
05.01.1983

என் தம்பி கஸ்பருக்கு,

புது வருட வாழ்த்து. நத்தார்ப் பெருநாளுக்கு நீ அனுப்பின துணி அளவாக இருந்தது. எல்லோரும் சுகம். ஜோசப்பின் சோதனை முடித்துவிட்டாள். உன் கேத்திர கணிதம் வந்ததாம்.

இத்துடன் அம்மாவின் செபமாலையை வைத்து அனுப்புகிறேன். என்னிடம் இத்தனை காலம் இருந்துவிட்டது, இனி உன்னிடம் இருக்கட்டும். உன் படம் ஒன்று இருந்தால் அனுப்பு, தழும்பு தெரியாத பக்கமாக.

எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. நீயும் எங்கள் லயத்தில் பிறந்தவன்தானே, பயம் உனக்கு மட்டும் எங்கே போகும்? இரவில் மழையில் நனையாதே. நெஞ்சுச் சளி உனக்குச் சின்னதில் இருந்தே உண்டு. பெண் பார்த்தால், வாய் உள்ளவளாகப் பார். நம் வீட்டில் ஒருவருக்காவது கேட்கத் தெரிய வேண்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
பெற்றீசியா


கொழும்பு 13.
03.02.1983

என் அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும்,

கஸ்பர் மிக மிக நலம். செபமாலை கிடைத்தது. அதைக் கையில் சுற்றிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். படம் அடுத்த வாரம் எடுத்து அனுப்புகிறேன்.

அக்கா, நடந்துவிட்டது. குறிப்பை மேலதிகாரியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "வெந்நீரை ஆற்றில் விட அரசாங்கம் பணம் கொடுத்ததா?" என்று அவரே சத்தம் போட்டார். குடியுரிமை நிபந்தனை மாறவில்லை. ஆனால் மிச்சமுள்ள காம்பராக்களிலும் பல்பு மாட்டலாம் என்று கையெழுத்தாகிவிட்டது. அவற்றை வீடுகள் என்று எழுதாமல், "உபரி மின்சாரத்தைச் செலவிடும் இடங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். பல்பு எரிவது ரோதையின் பாதுகாப்புக்காம். எப்படி எழுதினால் என்ன? எரிந்தால் போதும். உத்தரவு தோட்டத்துக்குப் போய்விட்டது. இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே வயர் வந்தாலும் வரும்.

மச்சானிடம் சொல்லுங்கள், அவருடைய காம்பராவிலேயே, நடுவிலேயே எரியும். அரிசி வாளிக்கு அடியில் இருப்பதை எடுத்துக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கட்டும். அடுத்த மாதம் விடுமுறை எடுத்து வருகிறேன். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து உங்கள் கையால் சோறு தின்ன வேண்டும். சேவல் ஏதாவது மிச்சமிருக்கிறதா?

உங்கள் தம்பி,
கஸ்பர்


ஆட்லி தோட்டம், மேல்கணக்கு.
20.02.1983

மரியாதைக்குரிய கஸ்பர் தம்பிக்கு,

பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் பெற்றீசியா அக்காவுக்குப் போட்ட கடிதம் என் கையில்தான் இருக்கிறது. வாங்க ஆள் இல்லாததால் தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டார். பிரித்துப் படித்தது தப்புத்தான்.

தம்பி, அவர்கள் போய்விட்டார்கள். ஜனவரி முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் ரயில் ஏறினார்கள். நாங்கள் லயத்து ஆட்கள் ஸ்டேஷன் வரைக்கும் போனோம். தலைமன்னார் போய் அங்கிருந்து கப்பலாம். மண்டபம் என்ற ஊரில் முகாமில் வைப்பார்களாம். இன்னும் கடிதம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் எனக்குச் சொல்லவும்.

எங்கள் லைட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று உங்கள் மச்சான் லோரன்ஸ் அண்ணன் பெரிய கிளாக்கரிடம் போன அன்றைக்கு, நான் இந்தியாப் பயணத்துக்குப் பேர் கொடுத்துவிடுகிறேன், அந்தக் காம்பராவை இருட்டாக்காதீங்க என்று சொல்லியிருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது. லைட் வந்ததும் நானும் பிள்ளைகளும் சந்தோஷப்பட்டோம். தை பிறந்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்குத் தெரிய வந்தது. அன்றைக்கு இவர் சோறு தின்னவில்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டேன். "சொன்னா ஓடி வந்துருவான் நாகு. வந்து என் மொகத்தப் பாக்க அவனால ஏலாது. பாவம், அந்தக் கஷ்டம் அவனுக்கு வேணாம்" என்றது. ரயில் எடுக்கும்போதும் உங்கள் பேரைச் சொல்லித்தான் அழுதது. ஜோசப்பின் அந்தக் குடையைக் கையிலேயே வைத்திருந்தாள், மழை இல்லை.

இப்போது நான் எழுத வந்ததைச் சொல்கிறேன். இந்த மாதம் எட்டாம் தேதி ஆட்கள் வந்து அந்தக் காம்பராவுக்கு வயர் இழுத்துப் பல்பு மாட்டினார்கள். ஆள் இல்லையே என்று நான் சொன்னேன். ஆள் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன, பல்பு எரியவேண்டும், உத்தரவு என்றார்கள். மாட்டிவிட்டுப் பெரிய கிளாக்கர் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார். இப்போது ரோதை ஓட்டுவது அழகன். அதை அவிழ்த்துவிடலாமா என்று கேட்டேன், அவிழ்த்தால் ரோதைக்கு ஆகாது என்கிறான்.

அதனால் தினமும் ஆறு மணிக்கு அந்தக் காம்பராவில் லைட் எரிகிறது. சுவருக்கு மேலால் எங்கள் பக்கமும் விழுகிறது. எங்களுக்கு இப்போது இரண்டு வெளிச்சம்.

முதல் நாள் அது எரிந்தபோது நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். அந்தப் பக்கம் வெளிச்சத்தைக் கண்டதும் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லாமல், கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சுவரைத் தட்டி, "அக்கா, வந்திருச்சு" என்று கூப்பிட்டுவிட்டேன்.

நீங்கள் அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள், தம்பி. எங்கள் காம்பராவில் சோறு தின்னலாம்.

இப்படிக்கு,
சி. நாகலெட்சுமி